கேள்வி பதில்: அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுவது யார்?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளைப் பிரித்து வைத்துப் பார்த்தால், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்று மொழி மாறினாலும் சந்தேகம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஒரு ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டு) இன்னொரு ஃபங்ஷனுக்கு ஆர்குமென்டாக (அது வேலை செய்ய நாம் தரும் பொருளாக) கொடுப்பது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. கோட் வரிகளையும் தமிழ் எழுத்தில்தான் தந்திருக்கிறேன். கணினியில் தட்டும்போது பைத்தானுக்குச் சொந்தமான சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் வைக்கும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், 2008-இல் வந்த பைத்தான் 3.0 முதல் அதற்கு இடம் உண்டு.

கேள்வி: பிசிஏ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பைத்தான் டாகுமென்டேஷனில், லிஸ்டை வரிசைப்படுத்தும் சார்ட்டட் பற்றிய இடத்தில், கீ என்பது ஒரு ஆர்குமென்ட் வாங்கும் ஃபங்ஷன் என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு ஆர்குமென்டை நான் எங்கே கொடுப்பது? நீளத்தை எண்ணும் லென்னைக் கொடுக்க கீ=லென்() என்று போட்டால் ஒரு எரர், கீ=லென்(ஊர்கள்) என்று போட்டால் இன்னொரு எரர். வெறும் லென் என்று போட்டால் ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்றுதான் புரியவில்லை. – மாணவி, திண்டுக்கல்

பதில்: அந்த ஆர்குமென்டை நீங்கள் எங்கேயும் கொடுக்க வேண்டாம். கொடுப்பது சார்ட்டட். இந்த ஒரு வரி அங்கே இருந்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியை எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

பள்ளியில் தோன்றா எழுவாய் படித்திருப்பீர்கள். 'வந்தேன்' என்றால் வந்தது யார் என்று வினைமுற்றே சொல்லிவிடும், 'நான்' என்று தனியாக எழுத வேண்டியதில்லை. டாகுமென்டேஷன் எழுதுகிறவர்களும் எழுவாயை விட்டுவிடுகிறார்கள், ஆனால் அங்கே எந்த விகுதியும் நமக்குக் காட்டிக்கொடுக்காது. ஒரு ஆர்குமென்ட் வாங்கும் ஃபங்ஷன் என்றால், அதற்குக் கொடுப்பது யார்? எழுதியவருக்கு அது சார்ட்டட்தான் என்று தெரியும், அதனால் சொல்லத் தோன்றவில்லை. படிக்கிறவர் தன்னைத்தான் நினைத்துக்கொள்வார், ஏனென்றால் அதுவரை அவர் எழுதிய எல்லாப் புரோகிராமிலும் ஃபங்ஷனைக் கூப்பிட்டதும் ஆர்குமென்ட் கொடுத்ததும் அவர்தான். உங்களிடம் தப்பே இல்லை.

இப்போது உங்கள் மூன்று முயற்சிகளையும் பார்ப்போம். பைத்தானில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டால் 'இப்போதே கூப்பிடு' என்று பொருள். கீ=லென்() என்று எழுதியதும் சார்ட்டட் தன் வேலையைத் தொடங்கும் முன்பே லென் ஓடிவிடுகிறது, கையில் எதுவும் இல்லாமல் ஓடுகிறது. அதனால்தான் லென் சரியாக ஒரு ஆர்குமென்ட் வாங்கும், கொடுத்தது 0 என்று எரர் வந்தது. நன்றாகக் கவனித்தால் அது லென் போட்ட புகார், சார்ட்டட் போட்டது அல்ல. கீ=லென்(ஊர்கள்) என்று எழுதும்போது லென் ஒழுங்காக ஓடி, லிஸ்டில் நான்கு ஊர் இருந்தால் 4 என்று எண்ணிக் கொடுத்துவிடுகிறது. சார்ட்டட் கைக்குப் போய்ச் சேர்வது அந்த 4. அது போய் 4-ஐக் கூப்பிடப் பார்க்கிறது. எண்ணை எப்படிக் கூப்பிடுவது? இன்ட் ஆப்ஜெக்ட் காலபிள் இல்லை, அதாவது எண் கூப்பிடக்கூடியது அல்ல என்ற எரர் அதுதான். மூன்றாவதில், வெறும் லென் என்று எழுதும்போது, யாரும் எதையும் இன்னும் கூப்பிடவில்லை. ஃபங்ஷனையே கொடுத்துவிட்டீர்கள்.

கேஸ் புக் செய்யும்போது 'வண்டி வந்ததும் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்' என்று நம்பரைச் சொல்வோம் இல்லையா, அப்படித்தான். நம்பரைச் சொல்வது ஒன்று, நாமே அந்த நம்பரை அமுக்குவது இன்னொன்று. லென் என்பது நம்பர். லென்() என்பது நீங்களே அமுக்கிவிட்டது.

சரி, சார்ட்டட் அந்த நம்பரை வைத்து என்ன செய்கிறது? பள்ளியில் பி.டி. சார் உயர வரிசையில் நிற்க வைப்பாரே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு முறை சுவரோரம் நிறுத்தி உயரம் அளக்கிறார், அளவுகளை ஒப்பிடுகிறார், பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறார். கடைசியில் வரிசையில் நிற்பது பிள்ளைகள்தான், சென்டிமீட்டர்கள் அல்ல. கீ ஃபங்ஷன் அந்த அளவுகோல். லிஸ்டில் உள்ள ஒவ்வொன்றையும் சார்ட்டட் தானே எடுத்து உங்கள் ஃபங்ஷனிடம் ஒரே ஒரு முறை கொடுக்கும், அது திருப்பித் தருவதை வைத்து ஒப்பிடும், ஆனால் உங்கள் கையில் திரும்ப வரும் லிஸ்டில் பழைய ஊர்ப்பெயர்களே இருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் கீ=லென் போட்டால் நீளங்களின் லிஸ்ட் வரும் என்று எதிர்பார்ப்பவர்களும் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகு ஒட்டி நிறுத்தி, யார் உயரம் என்று மட்டும் பார்ப்பது. சி மொழியின் க்யூசார்ட்டும் ஜாவாஸ்கிரிப்டின் சார்ட்டும் இந்த வகை. அவற்றுக்குக் கொடுக்கும் ஃபங்ஷன் இரண்டு ஆர்குமென்ட் வாங்கி, முதலாவது முன்னால் வர வேண்டும் என்றால் சுழிக்குக் கீழான எண்ணையும், பின்னால் என்றால் சுழிக்கு மேலான எண்ணையும், சமம் என்றால் 0-ஐயும் தர வேண்டும். பைத்தானிலும் ஒரு காலத்தில் இது மட்டும்தான் இருந்தது. 2004-இல் வந்த 2.4 பதிப்பில்தான் கீ வந்தது, அப்புறம் 3.0-இல் பழைய முறையை எடுத்தேவிட்டார்கள்.

இன்னும் ஒன்று, நீங்கள் தமிழில் ஊர்ப்பெயர்களை வைத்திருப்பதால் சொல்கிறேன். திருச்சி, பல்லடம், மதுரை, தேனி என்ற நான்கையும் கீ=லென் என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். தேனி, மதுரை, பல்லடம், திருச்சி என்று வரும். திருச்சிக்கு நான்கு எழுத்து, பல்லடத்துக்கு ஐந்து. பல்லடம் எப்படி முன்னால் வந்தது? கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் 'தி' என்பது த, இகரக் குறி என்று இரண்டு, 'ச்' என்பது ச, புள்ளி என்று இரண்டு. அப்படி எண்ணும் லென்னுக்குத் திருச்சி 8, பல்லடம் 7. இந்த இடத்தில்தான் ஃபங்ஷனை ஆர்குமென்டாகக் கொடுப்பதன் அருமை தெரியும். சார்ட்டட்டைத் திருத்த முடியாது, திருத்தவும் வேண்டாம். நீங்களே எழுத்து_எண்ணு என்று ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். ஒரு சொல்லை வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு குறியீட்டின் வகையையும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் கேட்டகரியிடம் கேட்டு, வகை 'எம்' என்ற எழுத்தில் தொடங்கினால் அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எண்ணட்டும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அந்த வகைதான். அப்புறம் கீ=எழுத்து_எண்ணு. திருச்சி 4, பல்லடம் 5 என்று ஆகிவிடும், வரிசையும் நேராகிவிடும். அடைப்புக்குறி வேண்டாம்.

கேள்வி: பைத்தானில் விண்டோவும் பட்டனும் செய்ய உதவும் டிகிண்டரில் ஒரு கால்குலேட்டர் செய்கிறேன். பட்டனுக்கு கமாண்ட்=தட்டு(7) என்று கொடுத்தேன். விண்டோ திறக்கும்போதே 7 விழுந்துவிடுகிறது, பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. லாம்ப்டா போடு என்று நண்பன் சொன்னான். போட்டேன். லூப்பில் 0 முதல் 9 வரை பத்து பட்டன் செய்தால் எதை அமுக்கினாலும் 9 வருகிறது! – வாசகர், தூத்துக்குடி

பதில்: முதல் பாதிக்கு மேலே உள்ள பதிலே போதும். தட்டு(7) அங்கேயே ஓடிவிட்டது, அது எதையும் ரிட்டர்ன் செய்யவில்லை என்பதால் பட்டனுக்குக் கிடைத்தது 'நன்', அதாவது ஒன்றுமில்லை. டிகிண்டர் அதற்கு எரரும் காட்டாமல் சும்மா இருந்துவிடும், அதுதான் ஆளைக் குழப்புவது.

இரண்டாம் பாதிதான் நல்ல கேள்வி. கமாண்டுக்குக் கொடுக்கும் ஃபங்ஷனை டிகிண்டர் எந்த ஆர்குமென்டும் இல்லாமல் கூப்பிடும். உங்கள் தட்டு ஃபங்ஷனுக்கோ ஒரு எண் வேண்டும். நடுவில் ஒரு ஆள் தேவை, அந்த ஆள்தான் லாம்ப்டா. லாம்ப்டா: தட்டு(எண்) என்றால், ஆர்குமென்ட் இல்லாமல் கூப்பிட்டால் தட்டு(எண்) செய்கிற ஒரு பெயரில்லாத ஃபங்ஷன். ஆனால் அது நினைவில் வைத்துக்கொள்வது 'எண்' என்ற பெயரைத்தான், அந்த நேரத்தில் அதற்குள் இருந்த மதிப்பை அல்ல. பட்டனை நீங்கள் அமுக்கும்போதுதான் உள்ளே போய் எண் எவ்வளவு என்று பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்து எண் 9-இல் நின்றிருக்கிறது. பத்து லாம்ப்டாவும் பார்ப்பது அந்த ஒரே எண்ணை.

லாம்ப்டா எண்=எண்: தட்டு(எண்) என்று மாற்றுங்கள். டிஃபால்ட் மதிப்பு லாம்ப்டா உருவாகும் நொடியிலேயே பிடித்து வைக்கப்படும், அதனால் ஒவ்வொரு பட்டனுக்கும் அதனதன் எண் கிடைக்கும். ஃபங்டூல்ஸில் உள்ள பார்ஷியலையும் பயன்படுத்தலாம்: கமாண்ட்=பார்ஷியல்(தட்டு, எண்). எனக்குப் பிடித்தது இதுதான், படிக்கும்போதே நோக்கம் தெரிகிறது. (பார்ஷியலுக்கு மட்டும் அடைப்புக்குறி எப்படி என்று கேட்பீர்கள். அதை நாமே இப்போது கூப்பிடுகிறோம், அது ஒரு புதிய ஃபங்ஷனைச் செய்து தருகிறது, பட்டனுக்குப் போவது அந்தப் புதிய ஃபங்ஷன்.) பைத்தானின் அதிகாரபூர்வக் கேள்வி பதில் பக்கத்தில் இந்த லூப் சிக்கலுக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. டிகிண்டர் பக்கத்தைப் படிக்கிறவர் அங்கே போய்த் தேட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது?

கேள்வி: த்ரெட்டில் (புரோகிராமுக்குள் பக்கத்திலேயே ஓடும் தனி ஓட்டம்) ஒரு ஃபங்ஷனை ஓட்ட டார்கெட்=வணக்கம், ஆர்க்ஸ்=("மதுரை") என்று கொடுத்தேன். டார்கெட்டில் அடைப்புக்குறி போடவில்லை, சரியாகத்தான் கொடுத்தேன். ஆனால் என் ஃபங்ஷன் 1 ஆர்குமென்ட் வாங்கும், கொடுத்தது 5 என்று எரர். நான் கொடுத்தது ஒன்றுதானே, அந்த ஐந்து எங்கிருந்து வந்தது? – வாசகி, மதுரை

பதில்: உங்கள் ஊரிலிருந்துதான் வந்தது. பைத்தானில் ஒன்றைச் சுற்றி வெறுமனே அடைப்புக்குறி போட்டால் டியூப்பிள் (பல பொருள்களை வரிசையாக வைக்கும் தொகுப்பு) ஆகாது, அது வெறும் ஸ்ட்ரிங்தான், அதாவது எழுத்துத் தொடர்தான். த்ரெட் அந்த ஸ்ட்ரிங்கை ஒவ்வொன்றாகப் பிரித்து உங்கள் ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறது. ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. ஐந்து ஆர்குமென்ட். கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. ("மதுரை",) என்று ஒரு காற்புள்ளி சேருங்கள், டியூப்பிள் ஆகிவிடும், ஒரே ஆர்குமென்டாகப் போய்ச் சேரும். அந்தக் காற்புள்ளியைத் தவறிப்போய் விழுந்தது என்று நினைத்து யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டாகுமென்டேஷனில் ஆர்க்ஸ் என்பது லிஸ்ட் அல்லது டியூப்பிள் என்று இருக்கிறது. அப்படியென்றால் லிஸ்டாகவே கொடுத்துவிடலாமே, ["மதுரை"]. நான் இப்போதெல்லாம் அப்படித்தான் எழுதுகிறேன்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் "10", "10", "10" என்று மூன்று ஸ்ட்ரிங் உள்ள அரேயை எண்ணாக மாற்ற, அரேயில் உள்ள ஒவ்வொன்றையும் ஒரு ஃபங்ஷனிடம் கொடுக்கும் மேப்புக்கு, ஸ்ட்ரிங்கை முழு எண்ணாக்கும் பார்ஸ்இன்ட் கொடுத்தேன். 10, நாட்-எ-நம்பர், 2 என்று வருகிறது. மூன்றும் ஒரே மாதிரி இருக்கும்போது மூன்று விடை எப்படி வரும்? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஃபங்ஷனை நீங்கள் ஒழுங்காகத்தான் கொடுத்திருக்கிறீர்கள். இங்கே பிரச்சினை வேறு. கூப்பிடுகிறவர் எத்தனை ஆர்குமென்ட் கொடுக்கிறார், வாங்குகிறவர் எத்தனை வாங்குகிறார் என்ற கணக்கு.

மேப் உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது மூன்று கொடுக்கிறது: அந்த இடத்தில் உள்ள பொருள், அதன் இடம் (0, 1, 2 என்று), முழு அரே. பார்ஸ்இன்ட்டோ இரண்டு வாங்கும்: ஸ்ட்ரிங், எந்த அடிமானத்தில் படிக்க வேண்டும் என்ற எண். நாம் தனியாகக் கூப்பிடும்போது இரண்டாவதைக் கொடுப்பதே அபூர்வம், அதனால் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகிறது. மேப் மறக்காது. முதல் முறை பார்ஸ்இன்ட்("10", 0), அடிமானம் 0 என்றால் சொல்லாததாக எடுத்துக்கொண்டு பத்தின் அடிமானத்தில் படிக்கும், விடை 10. இரண்டாம் முறை பார்ஸ்இன்ட்("10", 1), 2 முதல் 36 வரைதான் அடிமானம் இருக்கலாம், 1 கூடாது, விடை நாட்-எ-நம்பர். மூன்றாம் முறை பார்ஸ்இன்ட்("10", 2), இரும எண்ணாகப் படித்தால் '10' என்பது 2. மூன்று விடையும் அதனதன் கணக்கில் சரி!

பைத்தானாக இருந்தால் ஆர்குமென்ட் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்று உடனே நிறுத்தியிருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் கூடுதலாக வருவதைக் கேட்காமல் விட்டுவிடும், குறைவாக வந்தாலும் கேட்காது. அதனால் அங்கே ஒரு ஃபங்ஷனை இன்னொன்றுக்குக் கொடுக்கும் முன் இரண்டு பக்கங்களையும் திறந்து பாருங்கள், கூப்பிடுவது எதையெல்லாம் கொடுக்கும் என்று ஒன்றில், கூப்பிடப்படுவது எதையெல்லாம் வாங்கும் என்று இன்னொன்றில். உங்கள் வேலைக்கு பார்ஸ்இன்ட்டுக்குப் பதில் நம்பர் என்பதைக் கொடுத்தால் போதும், அது முதலாவதை மட்டும்தான் பார்க்கும். அல்லது ஸ்ட்ரிங்கை வாங்கி பார்ஸ்இன்ட்(ஸ்ட்ரிங், 10) என்று தருகிற ஒரு சின்ன ஃபங்ஷனை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: அடைப்புக்குறி இல்லாமல் பெயரைக் கொடுத்தால் ஃபங்ஷன் போய்விடும் என்பது எல்லா மொழிக்கும் பொருந்துமா? – வாசகர், சேலம்

பதில்: பொருந்தாது. ரூபியில் மெத்தட் பெயரை வெறுமனே எழுதினாலே கூப்பிட்டதாகிவிடும். மேட்லாபிலும் ஆக்டேவிலும் பெயருக்கு முன்னால் 'அட்' குறி போட வேண்டும். பிஎச்பியில் பெயரை மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காகக் கொடுக்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு, 2021-இல் வந்த 8.1-இல்தான் அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளி வைக்கும் முறை வந்தது. புது மொழிக்குப் போனதும் முதல் வேலையாக இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. எங்கள் குழுவுக்குள் பயன்படும் லைப்ரரிக்கு (பலரும் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு) டாகுமென்டேஷன் எழுதுவது என் பொறுப்பு. இறக்கு என்ற ஃபங்ஷனுக்கு, 'முடிந்ததும்: ஃபைல் இறங்கியதும் கூப்பிடப்படும் ஃபங்ஷன்' என்று தெளிவாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அடிக்கடி யாராவது வந்து அதிலேயே சந்தேகம் கேட்கிறார்கள். எதை விட்டுவிட்டேன்? – வாசகி, சென்னை

பதில்: இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இதுதான். மேலே கேட்டவர்கள் எல்லாருமே உங்களைப் போன்ற ஒருவர் எழுதிய வரியைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

'கூப்பிடப்படும்' என்ற சொல்லை முதலில் எடுங்கள். செயப்பாட்டு வினையில் எழுதும்போது செய்கிறவர் மறைந்துபோகிறார். 'இறக்கு கூப்பிடும்' என்று செய்வினையில் எழுதிப் பாருங்கள், எழுவாய் வந்து உட்கார்ந்ததும் மற்ற கேள்விகள் தானாக வரும். இறக்கு கூப்பிடும், சரி, என்ன கொடுத்துக் கூப்பிடும்? ஃபைலின் பெயரா, உள்ளடக்கமா? பத்து ஃபைல் இறக்கினால் பத்து முறை கூப்பிடுமா, எல்லாம் முடிந்து ஒரு முறையா? பாதியில் நின்றுபோன ஃபைலுக்கும் கூப்பிடுமா? என் ஃபங்ஷன் ஏதாவது ரிட்டர்ன் செய்தால் அதை எடுத்துக்கொள்ளுமா? அதற்குள் எரர் வந்தால்?

எந்த த்ரெட்டில் கூப்பிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பல வருடங்களுக்கு முன் வேலை செய்த ஓர் இடத்தில் இதே மாதிரி ஒரு லைப்ரரிக்கு நான் டாகுமென்டேஷன் எழுதினேன். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லும் ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கலாம் என்று மட்டும் எழுதியிருந்தேன். அதைப் பின்னணி த்ரெட்டில் கூப்பிடுகிறோம் என்று எழுதவில்லை, எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் எழுதத் தோன்றவே இல்லை. கூட வேலை செய்தவர் அந்த ஃபங்ஷனுக்குள் நேராகத் திரையில் உள்ள விண்டோவை மாற்றினார். அவர் மேசையில் ஒழுங்காக ஓடியது. வாடிக்கையாளர் இடத்தில் சில நிமிடம் ஓடி விண்டோ உறைந்து நின்றது. அவர் இரண்டு நாள் தன் கோடையே வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், குறை என் வரியில் இருந்தது. அந்த இரண்டு நாளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

உங்கள் வரியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'முடிந்ததும்: இரண்டு ஆர்குமென்ட் வாங்கும் ஃபங்ஷன். ஒவ்வொரு ஃபைலும் முழுதாக இறங்கியவுடன் இறக்கு இதை ஒரு முறை கூப்பிடும். முதல் ஆர்குமென்டாக ஃபைல் சேமிக்கப்பட்ட இடத்தை ஸ்ட்ரிங்காகவும், இரண்டாவதாக ஃபைலின் அளவைப் பைட் கணக்கில் முழு எண்ணாகவும் கொடுக்கும். இறங்காமல் நின்ற ஃபைலுக்குக் கூப்பிடாது. ஃபங்ஷன் ரிட்டர்ன் செய்வதைப் பயன்படுத்தாது. கூப்பிடுவது ஃபைலை இறக்கும் த்ரெட்டில், மெயின் த்ரெட்டில் அல்ல. ஃபங்ஷனுக்குள் எரர் எழுந்தால் இறக்கு அத்தோடு நின்றுவிடும்.' உங்கள் லைப்ரரி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். எழுதும்போதே சில கேள்விகளுக்கு உங்களுக்கே விடை தெரியவில்லை என்றால் கோடை எழுதியவரிடம் போய்க் கேளுங்கள், பல நேரம் அவரும் அதுவரை யோசித்திருக்க மாட்டார். அதற்குக் கீழே ஓர் எடுத்துக்காட்டு: இறக்கு(முகவரிகள், முடிந்ததும்=பதிவு_செய்). அதன் பக்கத்திலேயே 'பதிவு_செய்() என்று எழுத வேண்டாம், எழுதினால் இறக்கத் தொடங்கும் முன்பே ஓடிவிடும்' என்று ஒரு வரி. அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த வரி வேண்டாம்தான், அவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். திண்டுக்கல் மாணவிக்கு அது வேண்டும்.

வரி நீளமாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். நன்றாக எழுதியதற்கு ஒரு மாதிரி வேண்டுமென்றால் பைத்தானின் சிக்னல் மாட்யூல் பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் ஹேண்ட்லரை இரண்டு ஆர்குமென்டோடு கூப்பிடுவோம், ஒன்று சிக்னல் எண், இன்னொன்று அப்போதைய ஸ்டாக் ஃபிரேம் (புரோகிராம் அப்போது ஓடிக்கொண்டிருந்த இடம்) என்று சொல்லிவிடுகிறது. ஹேண்ட்லர் எப்போதும் மெயின் த்ரெட்டில்தான் ஓடும் என்பதையும் சொல்லிவிடுகிறது. படித்தவர் அதற்குமேல் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

டைப் குறிப்பு (எந்த வகைப் பொருள் என்று கோடிலேயே எழுதுவது) எழுதினால் போதாதா என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். பைத்தான் 3.5 முதல், அதாவது 2015 முதல், காலபிள் என்று போட்டு உள்ளே வாங்கும் வகைகளையும் தரும் வகையையும் எழுதும் வசதி இருக்கிறது. அவசியம் எழுதுங்கள். இது சின்ன விஷயமும் அல்ல. நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியில், ஒரு புரொசீஜரை ஆர்குமென்டாக வாங்கும்போது அது என்னென்ன வாங்கும் என்று எழுதவே இடமில்லை, 'புரொசீஜர்' என்று மட்டும்தான் எழுத முடியும். தப்பான ஒன்றைக் கொடுத்தாலும் கம்பைலரால் கண்டுபிடிக்க முடியாது. 1983-இல் வந்த ஐஎஸ்ஓ தரத்தில்தான் முழுப் பட்டியலையும் எழுத வேண்டும் என்று வந்தது. மொழியே அன்று விட்டுவைத்த அதே இடைவெளியைத்தான் இன்று 'ஒரு ஃபங்ஷன்' என்று மட்டும் எழுதி நாம் திரும்பவும் உண்டாக்குகிறோம். ஆனால் டைப் குறிப்பு எதை வாங்கி எதைத் தரும் என்பதோடு நின்றுவிடும். எப்போது, எத்தனை முறை, எந்த த்ரெட்டில் என்பதை மனுஷர்தான் எழுத வேண்டும்.

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ கணினி அறிவியல் எடுக்கிறேன், தமிழ் வழி. பாடநூலில் ஃபங்ஷனுக்குச் செயற்கூறு, ஆர்குமென்டுக்குச் செயலுருபு. 'செயற்கூறினைச் செயலுருபாக அனுப்புதல்' என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் மிரண்டுபோய்ப் பார்க்கிறார்கள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது? – ஆசிரியை, அறந்தாங்கி

பதில்: சொற்கள் நல்ல சொற்கள்தான் டீச்சர், தேர்வுக்கும் அவைதான் வேண்டும், அவற்றை விட வேண்டாம். ஆனால் அந்தத் தலைப்பை முதல் நாள் எழுதாமல் கடைசி நாள் எழுதிப் பாருங்கள்.

பிள்ளைகள் இதுவரை ஃபங்ஷனைக் கூப்பிடுகிற பக்கத்தில் மட்டும்தான் நின்றிருக்கிறார்கள். யாரோ எழுதிய சார்ட்டட்டுக்கு ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கச் சொன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அதனால் வாங்குகிற ஃபங்ஷனை அவர்களையே எழுத வையுங்கள், இரண்டே வரிதான். வணக்கம் என்று ஒரு ஃபங்ஷன், அது திரையில் 'வணக்கம்' என்று பிரிண்ட் செய்யும், வேறொன்றும் இல்லை. அடுத்து இருமுறை என்று ஒரு ஃபங்ஷன், அதற்கு 'வேலை' என்று ஒரே ஒரு அளபுரு (வாங்குவதற்கு வைக்கும் பெயர்), உள்ளே வேலை() என்று ஒரு வரி, அதன் கீழே திரும்பவும் வேலை() என்று இன்னொரு வரி. அடைப்புக்குறி இங்கேதான் வருகிறது, இந்த இரண்டு வரியில்தான் கூப்பிடுவது நடக்கிறது என்பதை அவர்கள் கையாலேயே எழுதியிருப்பார்கள்.

கூப்பிடும் முன், பிரிண்ட்(வணக்கம்) என்று மட்டும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வணக்கம் என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் நினைவகத்தில் இந்த முகவரியில் இருக்கிறது என்று ஒரு வரி வரும். ஃபங்ஷனும் எண்ணைப் போல, ஸ்ட்ரிங்கைப் போல கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒரு பொருள்தான் என்பதை அந்த வரியைக் காட்டிச் சொன்னால் நான் பார்த்தவரை பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். அப்புறம் இருமுறை(வணக்கம்). திரையில் இரண்டு வணக்கம்.

அதன் பிறகு வேண்டுமென்றே இருமுறை(வணக்கம்()) என்று தட்டச் சொல்லுங்கள். ஒரே ஒரு வணக்கம் வரும், அதன் கீழே 'நன்டைப் ஆப்ஜெக்ட் காலபிள் இல்லை' என்ற எரர் வரும். அந்த ஒரு வணக்கத்தைச் சொல்ல வைத்தது யார், இருமுறையின் கையில் போய்ச் சேர்ந்தது என்ன என்று கேளுங்கள். நீங்கள் சொல்லிவிடாதீர்கள் டீச்சர், பாடவேளை முடிந்தாலும் பரவாயில்லை, அவர்களே சொல்லட்டும்.